விலகினாரா, விலக்கப்பட்டாரா, பிரிந்து போனாரா? ஒரு குழுவை விட்டுப் போவதைச் சரியான ஆங்கில வினையில் எழுதும் முறை

தமிழில் 'விலகினார்' என்ற ஒரே சொல் பல வேலை செய்யும். பொருளாளர் பதவியை விட்டவரும் விலகினார், கட்சியை விட்டவரும் விலகினார், கடைசி நேரத்தில் போட்டியிலிருந்து ஒதுங்கியவரும் விலகினார். ஆங்கிலத்தில் இவற்றுக்குத் தனித்தனி வினைகள். புதிதாக எழுதுகிறவர்கள் 'ரிசைன்' என்ற ஒன்றையே எல்லா இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். கொழும்பிலே சங்கக் கடிதமும் கந்தோர் மின்னஞ்சலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. அங்கே இந்தப் பிழை வெறும் மொழிப்பிழையாக நிற்பதில்லை. பதவியை மட்டும் விட நினைத்தவர் அங்கத்துவத்தையும் சேர்த்து விட்டதாகக் கடிதம் சொல்லிவிடும்.

வினையை முதலில் தேடப் போவதுதான் தடுக்கி விழும் இடம். வினை கடைசியில் வர வேண்டும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி. ஆங்கிலம் கற்போருக்கென்று எழுதப்பட்ட ஆங்கில-ஆங்கில அகராதி ஒன்று. சங்கம் அல்லது கட்சி பற்றி எழுதுவதாக இருந்தால் அதன் யாப்பின், அதாவது அமைப்பு விதிகளின், ஆங்கிலப் பிரதி.

ஆங்கில-தமிழ் அகராதி மட்டும் இங்கே போதாது. ரிசைன், வித்ட்ரோ, சிசீட் ஆகிய மூன்றுக்கும் அது 'விலகு' என்றே பொருள் தரும். வேறுபாடு அங்கேயே மறைந்துவிடும். கற்போர் அகராதி வினைக்குப் பக்கத்தில் எந்தப் பிரிபொசிஷன் ('ஃப்ரொம்', 'வித்' போன்ற சிறு சொல்) வரும் என்பதையும் ஒரு மாதிரி வசனத்தையும் காட்டும். யாப்பு எதற்கென்றால், அதிலுள்ள வினையைத்தான் உங்கள் கடிதத்திலும் எழுத வேண்டும். யாப்பில் 'வித்ட்ரோ' என்றிருக்க நீங்கள் 'குவிட்' என்று எழுதினால், செயலாளர் எந்த விதியின் கீழ் அதை ஏற்பது என்று தெரியாமல் நிற்பார்.

கொப்பியில் ஐந்து நிரல் கீறுங்கள்: யார், தானாகவா பிறராலா, எதை விட்டு, எங்கே போனார், வினை. ஐந்தாவதை இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள்.

2. தமிழ் வசனத்தில் 'க்' இருக்கிறதா என்று பாருங்கள்

ஆங்கிலத்துக்குத் தாவாமல் முதலில் தமிழில் எழுதுங்கள். விலகினார் - விலக்கினார், நீங்கினார் - நீக்கினார், பிரிந்தார் - பிரித்தார். செய்தவர் யார் என்பதை நம் மொழி ஓரிரு எழுத்திலேயே காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் வினையே மாறும்.

தானாக விலகினால் லீவ், ரிசைன், வித்ட்ரோ. பிறர் விலக்கினால் எக்ஸ்பெல், ரிமூவ், சஸ்பென்ட், டிஸ்மிஸ். இவற்றில் சஸ்பென்ட் தற்காலிகமானது. விசாரணை முடிந்து திரும்பி வரலாம். எக்ஸ்பெல் என்றால் அங்கத்துவமே போய்விட்டது. டிஸ்மிஸ் வேலைக்கும் பதவிக்கும் உரியது. ஒரு வாசகர் வட்டத்து அங்கத்தவரை யாரும் டிஸ்மிஸ் செய்வதில்லை.

இந்த வேறுபாட்டை மனதில் பதிக்க வாட்ஸ்அப் குழுவே போதும். ஒருவர் தாமாக வெளியேறினால் நிருவாகிகளுக்கு 'லெஃப்ட்' என்று காட்டும். நிருவாகி வெளியே போட்டால் 'ரிமூவ்ட்' என்று காட்டும். பெயர் ஒன்றுதான், குழு ஒன்றுதான், ஆனால் பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

தமிழில் மூன்றாவது வடிவம் ஒன்றும் உண்டு: 'தன்னை விலக்கிக்கொண்டார்'. 'க்' இருக்கிறது, ஆனால் செய்தவரும் அவரே, செய்யப்பட்டவரும் அவரே. ஆங்கிலத்தில் இதற்கு நேராக நிற்பது 'டிசோஷியேட் வன்செல்ஃப் ஃப்ரொம்'. 'ஹி டிசோஷியேட்டட் ஹிம்செல்ஃப் ஃப்ரொம் த ஸ்டேட்மென்ட்' என்றால் அந்த அறிக்கையோடு தமக்குத் தொடர்பில்லை என்று சொன்னார் என்று பொருள். இங்கே 'ஹிம்செல்ஃப்' விடுபட்டால் வசனம் குறையாக நிற்கும். தமிழில் 'தன்னை' என்று வந்தால் ஆங்கிலத்திலும் அதைத் தேடுங்கள்.

விலகவும் இல்லை, யாரும் விலக்கவும் இல்லை என்ற நிலையும் வரும். இரண்டு வருடம் சந்தா கட்டவில்லை. அங்கத்துவம் தானாக முடிந்துவிட்டது. அதற்கு 'லாப்ஸ்' என்ற வினை: 'ஹெர் மெம்பர்ஷிப் லாப்ஸ்ட்'. இதை 'ஷி லெஃப்ட்' என்று அறிக்கையில் எழுதினால் அவர் எடுக்காத முடிவொன்றை அவர் தலையில் கட்டுகிறீர்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 99(13) ஆவது உறுப்புரை இந்த வாசல்கள் எல்லாவற்றையும் ஒரே தொடரில் அடக்கியிருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் 'பை ரெசிக்னேஷன், எக்ஸ்பல்ஷன் ஓர் அதர்வைஸ்' தம் கட்சியின் அங்கத்தவராக இருப்பது முடிந்தால், ஒரு மாதம் கழிய அவருடைய ஆசனம் வெறிதாகும். எக்ஸ்பல்ஷன் என்றால் அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆகவே ரிசைன் செய்தவரை எக்ஸ்பெல் செய்யப்பட்டவர் என்று எழுதுவது அவருடைய சட்ட நிலையையே மாற்றி எழுதுவதாகும். எது என்று உறுதியாகாத வேளையில் 'சீஸ்ட் டு பி அ மெம்பர்' என்று எழுதலாம். அது காரணம் சொல்லாமல், அங்கத்துவம் முடிந்தது என்பதை மட்டும் சொல்லும்.

3. எதை விட்டு என்பதைப் பிரித்துப் பாருங்கள்

ஐந்து நிரலில் அதிகம் கவனம் வேண்டியது இதுதான். பதவியை விடுவது வேறு, அங்கத்துவத்தை விடுவது வேறு, ஒப்பந்தத்தையோ போட்டியையோ விடுவது வேறு.

பதவிக்கு 'ரிசைன்', 'ஸ்டெப் டவுன்'. இரண்டுக்கும் பின்னால் 'ஆஸ்' போட்டுப் பதவிப் பெயரை எழுதலாம்: 'ஷி ரிசைன்ட் ஆஸ் ட்ரெஷரர்', 'ஷி ஸ்டெப்ட் டவுன் ஆஸ் ட்ரெஷரர்'. ஸ்டெப் டவுன் பதவிக்கு மட்டுமே உரியது. படியிலிருந்து இறங்குகிற வினை அது. சாதாரண அங்கத்தவர் நிற்பது தரையில். இறங்குவதற்குப் படி இல்லை. ரிசைன் பதவிக்கும் வரும், அங்கத்துவத்துக்கும் வரும். அதனால்தான் அதை எழுதும்போது எதை விடுகிறோம் என்று அடுத்த சொல்லிலேயே சொல்லிவிட வேண்டும்.

அங்கத்துவத்துக்கு எளிய வினை 'லீவ்'. அதற்குப் பின்னால் பிரிபொசிஷன் வராது: 'ஹி லெஃப்ட் த யூனியன்'. 'லெஃப்ட் ஃப்ரொம் த யூனியன்' என்பது தமிழின் 'சங்கத்திலிருந்து' அப்படியே ஆங்கிலத்துக்குள் போனதால் வரும் பிழை. 'லீவ் ஃப்ரொம்' பயணம் புறப்படும் இடத்துக்கு உரியது: 'த பஸ் லீவ்ஸ் ஃப்ரொம் பெற்றா'. பஸ் பெற்றாவிலிருந்து புறப்படும். நீங்கள் சங்கத்தை விடுவீர்கள்.

ஒப்பந்தம், போட்டி, வேட்புமனு, கூட்டணி, சர்வதேச அமைப்பு ஆகியவற்றுக்கு 'வித்ட்ரோ ஃப்ரொம்'. இறந்தகாலம் 'வித்ட்ரூ', மூன்றாம் வடிவம் 'வித்ட்ரோன்'. 'வித்ட்ரோட்' என்று ஒரு வடிவம் கிடையாது. மாலைதீவு 2016 இல் கொமன்வெல்த்திலிருந்து 'வித்ட்ரூ' செய்தது, 2020 இல் 'ரிஜொய்ன்ட்'. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்பதே இந்த வினையின் அடிப்பொருள். ஆகவே 'வித்ட்ரோ சப்போர்ட்' என்றும் சொல்லலாம்: கூட்டணியில் இருந்துகொண்டே ஒரு பிரேரணைக்கான ஆதரவை மட்டும் விலக்கிக்கொள்வது.

படிப்புக்கு 'டிரொப் அவுட் ஒஃப்'. இடையில் நிறுத்தியவர்களுக்கு மட்டும்தான் இது. உயர்தரம் முடித்துப் போனவரை 'டிரொப்ட் அவுட்' என்றால் அவமானப்படுத்தியதாகிவிடும். அவர் 'லெஃப்ட் ஸ்கூல்'.

நம் நாட்டுக் கந்தோர்களில் அடிக்கடி காணும் ஒன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். அறிவிக்காமல் தொடர்ந்து வேலைக்கு வராதவருக்கு 'வெக்கேஷன் ஒஃப் போஸ்ட்' என்று கடிதம் வரும். விடுமுறைக் கடிதம் என்று நினைத்து அதை மேசை இழுப்பறைக்குள் போட்டவர்கள் உண்டு. இந்த 'வெக்கேஷன்' பிறந்தது 'வெகேட்' என்ற வினையிலிருந்து. இடத்தை வெறுமையாக்குவது என்று பொருள். நீங்களே பதவியை விட்டுப் போய்விட்டதாகக் கருதுகிறோம் என்பதே அந்தக் கடிதம். பதில் எழுதும்போது 'ஐ டிட் நொட் வெகேட் மை போஸ்ட்' என்று தொடங்கி, வராமல் இருந்ததற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். 'ஐ டிட் நொட் ரிசைன்' என்று எழுதினால் அவர்கள் சொல்லாத ஒன்றை மறுப்பதாகவே அமையும்.

4. போனது ஒரு ஆளா, ஒரு பகுதியா, ஒரு நாடா

இங்கேதான் வினைகள் நெருங்கி வந்து குழப்பும்.

பெரிய அமைப்பிலிருந்து ஒரு பகுதி பிரிந்து வேறொன்றைத் தொடங்கினால் 'பிரேக் அவே ஃப்ரொம்'. 1949 இல் செல்வநாயகமும் கூட வந்தவர்களும் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸிலிருந்து 'புரோக் அவே' ஆகி இலங்கைத் தமிழரசுக் கட்சியை அமைத்தார்கள். புதிதாக ஒன்று உருவானது என்ற குறிப்பு இந்த வினைக்குள் இருக்கிறது. பேசாமல் வீட்டில் இருந்துவிட்டவருக்கு இது பொருந்தாது.

'ஸ்ப்ளிட்' எதோடு சேர்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். 'த பார்ட்டி ஸ்ப்ளிட் இன்டு டூ' என்றால் முழுக் கட்சியும் இரண்டானது. எது தாய், எது பிள்ளை என்று சொல்லவில்லை. 'தே ஸ்ப்ளிட் ஃப்ரொம் த பார்ட்டி' என்றால் கட்சி அப்படியே நிற்க அவர்கள் போனார்கள். இரண்டு தரப்பும் 'நாங்கள்தான் உண்மையான கட்சி' என்று வாதாடும்போது 'இன்டு' போடுவதா 'ஃப்ரொம்' போடுவதா என்பது பக்கம் சார்வதுதான். நடுநிலையாக எழுத விரும்பினால் 'இன்டு'. மூன்று காலத்துக்கும் ஸ்ப்ளிட் ஒரே வடிவம்.

ஒரு கிளைச் சங்கம் தாய்ச் சங்கத்தோடு இருந்த இணைப்பை முறையாக முடித்துக்கொண்டால் 'டிஸ்அஃபிலியேட் ஃப்ரொம்'. யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்குக் கொழும்புக் கிளை இருக்கிறது. அந்தக் கிளை இனித் தனித்து இயங்கத் தீர்மானம் நிறைவேற்றினால் இந்த வினைதான் சரி. கிளை கலைந்துவிடவில்லை, யாரும் ரிசைன் செய்யவும் இல்லை. பொதுவாக இந்த வினையின் எழுவாய் ஓர் அமைப்பு. கிளை முழுவதுமாக மூடப்பட்டால் அது 'டிஸ்பான்ட்' அல்லது 'டிஸொல்வ்'; எல்லோரும் போனார்கள், விட்டுப்போக ஒன்றும் மிஞ்சவில்லை.

நாடோ மாநிலமோ ஒரு அரசிலிருந்து பிரிந்தால் 'சிசீட் ஃப்ரொம்'. 1860 டிசம்பரில் தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து 'சிசீடட்'. 2011 இல் தென் சூடான் சூடானிலிருந்து. ஆனால் 1965 ஓகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவை விட்டு வந்ததற்கு இந்தச் சொல் பொருந்தாது. இரு தரப்பும் ஒப்பந்தம் செய்து முடித்த பிரிவு அது. அதிலும் வெளியேறச் சொன்னது மலேசியா. அதற்கு வழங்கும் சொல் 'செப்பரேஷன்'. யார் கேட்டது, யார் சம்மதித்தது என்று தெளிவில்லாத இடத்தில் 'செப்பரேட் ஃப்ரொம்' பாதுகாப்பான வினை.

இலங்கையில் இருந்து எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அரசியலமைப்பின் 1983 ஆம் ஆண்டு ஆறாவது திருத்தம் 157அ உறுப்புரையில் 'செப்பரேட் ஸ்டேட்' என்ற சொற்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தனி அரசை ஆதரிப்பதைத் தடைசெய்தது. அதனால் ஒரு தொழிற்சங்கமோ கட்சியோ உடைந்த செய்தியில் 'சிசெஷன்', 'செப்பரட்டிஸ்ட்' என்ற சொற்களை எடுக்கவே வேண்டாம். 'பிரேக்அவே குரூப்' என்று எழுதுங்கள். ஒரு சொல் பிசகினால் சாதாரணச் சங்கச் சண்டை வேறொரு குற்றச்சாட்டின் நிறம் பெற்றுவிடும்.

உச்சரிப்பில் ஒரு எச்சரிக்கை: 'சிசீட்' பிரிவது, 'சக்சீட்' வெற்றி பெறுவது. எழுத்துக்கூட்டலில் முதலாவது சீ-ஈ-டீ-ஈ என்று முடியும், இரண்டாவது சீ-ஈ-ஈ-டீ என்று முடியும். தட்டச்சில் மாறினால் பிழைதிருத்தும் செயலியும் பிடிக்காது. இரண்டும் சரியான சொற்களே.

5. எங்கே போனார்

போனவர் சும்மா போனாரா, எதிர்த்தரப்பில் சேர்ந்தாரா? சேர்ந்தால் 'டிஃபெக்ட்': 'ஃப்ரொம்' ஒரு பக்கம், 'டு' மறுபக்கம். இந்த வினையில் கண்டனம் கலந்திருக்கிறது. தமிழில் 'கட்சி தாவினார்' என்பதுபோல. வினையாக வரும்போது அழுத்தம் இரண்டாவது அசையில் விழும். முதல் அசையில் அழுத்தினால் 'குறைபாடு' என்ற பெயர்ச்சொல்லாகக் கேட்கும்.

நம் பாராளுமன்றச் செய்திகளில் இதைவிட வழக்கில் உள்ளது 'குரொஸ் ஓவர்'. ஆசனத்தை மாற்றி அந்தப் பக்கம் போய் உட்காருவதையே சொல்வதால் கண்டனம் குறைவு. 1951 இல் பண்டாரநாயக்க செய்ததை எழுதிப் பார்த்தால் இதுவரை படித்தது எல்லாம் ஒரே இடத்தில் வரும். அமைச்சர் பதவி: 'ரிசைன்ட் ஃப்ரொம் த கெபினெட்'. அரசாங்கப் பக்கத்திலிருந்து எதிர்க்கட்சிப் பக்கம்: 'குரொஸ்ட் ஓவர் டு த ஒப்பொசிஷன்'. ஐக்கிய தேசியக் கட்சி அங்கத்துவம்: 'லெஃப்ட் த யூ.என்.பி.' பிறகு அதே வருடம் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். ஒரே மனிதர், விட்டவை மூன்று, வினைகளும் மூன்று.

வெளிநடப்பு இதில் சேராது. 'வோக் அவுட் ஒஃப் த சேம்பர்' என்றால் அன்றைக்கு எழுந்து போனார்கள் என்பது மட்டுமே. நாளைக்கு அதே ஆசனத்தில் இருப்பார்கள். ஆனால் 'வோக் அவுட் ஒன்' என்று பின்னால் ஒரு ஆளின் பெயர் வந்தால் அவரைக் கைவிட்டுப் போனதாகப் பொருள். 'ஒஃப்' எங்கே, 'ஒன்' எங்கே என்று பார்த்துப் போடுங்கள்.

6. உறவை முறிப்பதற்கு

இந்த வினைகள் 'டைஸ்', 'ரிலேஷன்ஸ்' என்ற பெயர்ச்சொற்களோடு வருபவை: 'செவர் டைஸ் வித்', 'கட் டைஸ் வித்', 'பிரேக் ஒஃப் ரிலேஷன்ஸ் வித்'. எல்லாவற்றுக்கும் 'வித்'. கயிறு இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருந்தது, அதை அறுக்கிறோம் என்ற உருவகம் இது. 'ஃப்ரொம்' இங்கே ஒட்டாது. 'செவர்' அறுப்பது; கடைசியில் ஒரு ஈ கூடினால் 'சிவியர்', கடுமையான என்று ஆகிவிடும்.

முழுவதும் அறுக்காமல் சற்று எட்டி நிற்க நினைத்தால் 'டிஸ்டன்ஸ் வன்செல்ஃப் ஃப்ரொம்'. இரு தரப்பும் மனம் நோகாமல் பிரிந்தால் 'பார்ட் வேய்ஸ் வித்'. நிறுவன அறிவிப்புகளில் இந்தக் கடைசித் தொடரைக் கண்டால் அப்படியே நம்ப வேண்டாம்; வேலையை விட்டு நீக்கியதை மென்மையாகச் சொல்லவும் அதையே எழுதுவார்கள்.

7. இப்போது வினையை எழுதி, பிரிபொசிஷனோடு சேர்த்துக் கட்டுங்கள்

நான்கு நிரல் நிரம்பியிருந்தால் ஐந்தாவதற்குப் பெரும்பாலும் ஒன்று, கூடினால் இரண்டு வினைதான் மிஞ்சும். வினையை மட்டும் எழுதி விடாதீர்கள். 'ரிசைன் ஆஸ்', 'ரிசைன் ஃப்ரொம்', 'டிரொப் அவுட் ஒஃப்', 'கட் டைஸ் வித்' என்று கூட்டாகவே எழுதுங்கள், கூட்டாகவே மனனம் செய்யுங்கள். வினையை ஒரு நாளும் பிரிபொசிஷனை இன்னொரு நாளும் படித்தவர்களுக்கு எழுதும் வேளையில் 'ஃப்ரொம்' ஒன்றுதான் கைக்கு வரும். லீவ், குவிட் இரண்டுக்கும் பின்னால் ஒன்றுமில்லை என்பதையும் ஒரு சிறு கோடு போட்டுக் குறித்து வையுங்கள். வெறுமையாக விட்டால் எழுத மறந்ததாகத் தோன்றும்.

பெயர்ச்சொல்லையும் பக்கத்தில் எழுதுங்கள்: ரெசிக்னேஷன், வித்ட்ரோவல், சிசெஷன், டிஃபெக்ஷன், எக்ஸ்பல்ஷன். தலைப்புகளிலும் கூட்டக் குறிப்புகளிலும் வருவது இவைதான்.

8. தொனியைச் சரிபாருங்கள்

ஒரே செயலுக்கு உத்தியோகபூர்வ வினையும் பேச்சு வினையும் இருக்கும். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50 ஆவது உறுப்புரை 'வித்ட்ரோ' என்கிறது. 2016 ஜூன் 23 இல் பிரித்தானிய மக்கள் கையில் கொடுத்த வாக்குச்சீட்டு 'லீவ்' என்றது. சட்டத்துக்கு ஒன்று, மக்களுக்கு ஒன்று. கடிதத்தில் 'குவிட்' வேண்டாம், அது வாய்ப்பேச்சுக்கு. 'டெசேர்ட்' கைவிட்டு ஓடியதைச் சொல்லும். படையினரைப் பற்றிய செய்தியைத் தவிர வேறெங்கும் எழுதுமுன் இருமுறை யோசியுங்கள்.

9. ஒரு கடிதத்தில் வைத்துப் பாருங்கள்

வெள்ளவத்தையில் ஒரு சங்கத்தின் பொருளாளர் பதவியை விடுகிறார். அங்கத்தவராக இருக்க விரும்புகிறார். அடிக்கடி எழுதப்படும் வடிவம்: 'ஐ வோன்ட் டு ரிசைன் ஃப்ரொம் த அசோசியேஷன் டியூ டு பேர்சனல் ரீசன்ஸ்.'

இதில் இரண்டு ஓட்டை. 'வோன்ட் டு' விருப்பத்தைத்தான் சொல்கிறது. ரிசைன் செய்தாரா இல்லையா என்று கூட்டத்தில் வாதம் வரும். 'ஃப்ரொம் த அசோசியேஷன்' அங்கத்துவத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவருக்கு வாக்கு உண்டா என்று யாராவது கேட்டால் பதில் அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

திருத்திய வடிவம்: 'ஐ ஹியர்பை ரிசைன் ஃப்ரொம் த போஸ்ட் ஒஃப் ட்ரெஷரர் வித் இஃபெக்ட் ஃப்ரொம் 31 மார்ச். ஐ வில் ரிமெய்ன் அ மெம்பர் ஒஃப் த அசோசியேஷன்.'

'ஹியர்பை' இந்தக் கடிதமே செயல் என்கிறது. 'வித் இஃபெக்ட் ஃப்ரொம்' திகதியைக் கட்டுகிறது; அது இல்லாவிட்டால் கடிதம் கொடுத்த நாளா, ஏற்றுக்கொண்ட நாளா, எது வரை காசோலையில் கையொப்பமிடலாம் என்று வங்கிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இரண்டாவது வசனம் அங்கத்துவத்தைக் காப்பாற்றுகிறது. காரணம் எழுதுவது அவரவர் விருப்பம். கணக்குப் புத்தகங்களை யாரிடம் எப்போது ஒப்படைக்கிறார் என்பதை மூன்றாவது வசனமாகச் சேர்ப்பது நல்லது. அதற்கு வினை 'ஹான்ட் ஓவர்'. கடிதத்தைக் கொடுப்பதற்கு 'ஹான்ட் இன்' அல்லது 'சப்மிட்'. 'ஹான்ட் ஓவர் மை ரெசிக்னேஷன்' என்று இரண்டையும் கலக்க வேண்டாம்.

அனுப்புமுன் யாப்பில் அறிவித்தல் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, திகதியை அந்தக் காலம் முடிந்த பிறகு வரும்படி வையுங்கள். பிரதி ஒன்றில் செயலாளரின் கையொப்பமும் திகதியும் வாங்கி வீட்டில் வையுங்கள்.